திகில் பட முன்னோட்டம் செய்யக் கற்பது எப்படி: ஒலியிலிருந்து தொடங்குங்கள்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களிடம் திகில் பட முன்னோட்டம் ஒன்றைச் செய்துவரச் சொன்னால் பெரும்பாலோர் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதலில் படப்பிடிப்பை முடிக்கிறார்கள். பிறகு மென்பொருளை நிறுவி, யூடியூபில் பல மணி நேரம் ஓடும் பாடம் ஒன்றைத் திறந்துவைத்துப் பாதியிலேயே சோர்ந்துபோகிறார்கள். கடைசி நாள் இரவு, கைக்குக் கிடைத்த இசைக்கு மேல் காட்சிகளை அடுக்கி அனுப்பிவிடுகிறார்கள். படம் இருட்டாக இருக்கும், இசை அலறும், பயம் மட்டும் வராது.

நான் சொல்லப்போகும் வரிசை வேறு. ஒலியை முதலில் அடுக்குங்கள். படத்தை அதன்மேல் வையுங்கள். அந்தந்த வேலை வரும்போது அதற்கான கருவியை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நிமிட முன்னோட்டத்துக்கு மென்பொருளின் மிகச் சிறிய பகுதியே தேவைப்படும். அந்தப் பகுதியைக் கையோடு பழகிவிட்டால் மீதி எல்லாம் பின்னால் தானாக வரும்.

விளக்கிச் சொல்ல ஒரு கதை வேண்டும். விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வருகிறாள் ஒரு கல்லூரிப் பெண். கொல்லையில் இருக்கும் கிணறு பல ஆண்டுகளுக்கு முன்பே கல் பலகை போட்டு மூடப்பட்டுவிட்டது, கப்பியையும் கழற்றிவிட்டார்கள். ஆனால் இரவில் யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்கிறது. இந்தக் கதையின் முன்னோட்டத்தைத்தான் நாம் 60 நொடிகளில் செய்யப்போகிறோம். பேய் ஒப்பனை, வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல் எதுவும் இதற்குத் தேவையில்லை. அவற்றைப் பார்த்துப் பார்த்து நம் கண்கள் பழகிவிட்டன. ஆளில்லாத இடத்தில் கப்பி சுற்றும் ஓசைக்கு இன்னும் பழகவில்லை.

எந்த மென்பொருள்

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பைப் பரிந்துரைக்கிறேன். ஒரு காலத்தில் இது பெரிய ஸ்டுடியோக்கள் மட்டுமே வாங்கக்கூடிய நிறத்திருத்தக் கருவியாக இருந்தது. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் இதை வாங்கிய பிறகுதான் இலவசப் பதிப்பு வந்தது. அந்தப் பதிப்பில் 4கே அளவு வரை படத்தை வெளியே எடுக்கலாம். இத்தனை நாள்தான் என்ற கெடு கிடையாது. நிறுவனத்தின் தளத்தில் ‘ஸ்டுடியோ’ என்ற சொல் சேராத பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டுடியோ என்பது காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஸ்டுடியோ பதிப்புக்கு மட்டுமே உரிய எஃபெக்ட் ஒன்றைத் தெரியாமல் போட்டுவிட்டால் படத்தின் குறுக்கே அடையாளம் விழும். அந்த எஃபெக்டை நீக்கினால் அதுவும் போய்விடும்.

கணினியில் 16 ஜிபி ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் நல்லது. 8 ஜிபி மட்டுமே இருந்தாலும் 1080பி அளவில் பொறுமையாக வேலை செய்யலாம். மீடியா பூலில் (உள்ளே கொண்டுவந்த கோப்புகள் சேரும் பகுதி) கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கில் ‘ஜெனரேட் பிராக்ஸி மீடியா’ கொடுத்தால், எடிட் செய்வதற்காக மட்டும் இலகுவான நகல்களை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். லினக்ஸ் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே இலவசப் பதிப்பு எச்.264 (காணொளியைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு பரவலான வடிவம்) கோப்புகளைத் திறக்காது. லினக்ஸ் கணினிக்கும் மிகப் பழைய மடிக்கணினிக்கும் கேடென்லைவ் என்ற கட்டற்ற மென்பொருள் ஏற்றது. கீழே வரும் முறை அதற்கும் பொருந்தும். பட்டன்களின் இடமும் சில விசைகளும் மாறும்.

ரிசால்வைத் திறந்ததும் கீழ்ப்பட்டையில் வரிசையாகப் பல பக்கங்கள் தெரியும். எடிட், கலர், டெலிவர் (கோப்பாக வெளியே எடுக்கும் பக்கம்) ஆகிய மூன்றும், ஒலிக்கான ஃபேர்லைட்டில் கொஞ்சமும் நமக்குப் போதும். காட்சி மாயங்களுக்கான ஃப்யூஷன் பக்கத்தை இந்த முன்னோட்டம் முடியும்வரை திறக்கவே வேண்டாம்.

படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

எடிட்டிங் மேசையில் தீர்க்க முடியாத சில கோளாறுகளைக் கேமராவிலேயே தவிர்த்துவிடலாம். அவற்றில் முதலாவது ஃபிரேம் விகிதம், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் என்பது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி ஒளிர்கின்றன; நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. கைப்பேசியில் 30 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம்) 1/60 நொடி என்று வைத்து எடுத்தால் படத்தில் மங்கலான பட்டைகள் ஊர்ந்து போகும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. கைப்பேசியோடு வரும் கேமரா செயலியில் இந்த அமைப்பு இல்லையென்றால், பிளாக்மேஜிக்கின் இலவசக் கேமரா செயலியைப் போட்டுக்கொள்ளலாம். ஐபோனுக்கும் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் கிடைக்கிறது.

இரண்டாவது, இருட்டு. இருட்டுக் காட்சியை இருட்டில் எடுக்காதீர்கள். வெளிச்சம் போதாத இடத்தில் கைப்பேசி ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வை, ஏற்றும். சுவரெல்லாம் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். அதைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் கருவி இலவசப் பதிப்பில் கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போதுமான வெளிச்சம் கொடுத்து எடுங்கள். இருட்டை நிறத்திருத்தத்தில் உண்டாக்கிக்கொள்ளலாம். கொல்லைக் காட்சிகளை மாலையில், வானம் ஃபிரேமுக்குள் வராதபடி, எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் ஒளியை) கொஞ்சம் குறைத்து எடுத்தாலே இரவாக மாற்ற முடியும். வானம் தெரிந்துவிட்டால் முடியாது.

எடுத்த காட்சிகளை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிக்கொள்ளாதீர்கள். அது கோப்பை நசுக்கிவிடும். நசுங்கிய இருட்டுக் காட்சி கட்டம் கட்டமாக உடையும். கேபிள் வழியாக நேரடியாகக் கணினிக்கு மாற்றுங்கள். இன்னொன்று: பல கைப்பேசிகள் ஃபிரேம் விகிதத்தை ஒரே சீராக வைத்துக்கொள்வதில்லை. அப்படி எடுத்த நீண்ட காட்சியில் உதடும் ஒலியும் மெல்ல விலகிப்போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைப் போட்டு, வீடியோ பகுதியில் 25 ஃபிரேமையும் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’டையும் தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகு ரிசால்வுக்குக் கொண்டுபோங்கள்.

புராஜெக்ட் தொடங்குதல்

கணினியில் ஒரே ஒரு கோப்புறை. அதற்குள் வீடியோ, ஒலி, எழுத்து என்று மூன்று கோப்புறைகள். எல்லாவற்றையும் இங்கே வைத்த பிறகுதான் ரிசால்வுக்குள் இழுக்க வேண்டும். ரிசால்வ் கோப்புகளைத் தனக்குள் நகலெடுத்துக்கொள்வதில்லை. அவை இருக்கும் இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. பாதியில் கோப்புறையின் பெயரை மாற்றினாலோ பென்டிரைவைக் கழற்றினாலோ ‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவப்புத் திரை வரும். பதற வேண்டாம். கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் ‘ரீலிங்க்’ கொடுத்துப் புதிய இடத்தைக் காட்டினால் எல்லாம் திரும்பிவிடும்.

புதிய புராஜெக்டைத் திறந்ததும், ஒரு கிளிப்பைக்கூட உள்ளே கொண்டுவருவதற்கு முன், வலது கீழ் மூலையில் உள்ள பல்சக்கரத்தைச் சொடுக்கி டைம்லைன் (காட்சியையும் ஒலியையும் வரிசையாக அடுக்கும் பட்டை) அளவை 1920 × 1080 என்றும் ஃபிரேம் விகிதத்தை 25 என்றும் வையுங்கள். கிளிப் வந்துவிட்ட பிறகு இந்த விகிதத்தை மாற்ற மென்பொருள் விடாது. பிரிஃபரன்ஸ் பகுதியில் ‘லைவ் சேவ்’, ‘புராஜெக்ட் பேக்கப்ஸ்’ இரண்டும் இயங்குகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒலியைப் பதிவுசெய்து அடுக்குதல்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

பதிவு செய்ய வேண்டியவை: கப்பி சுற்றும் கிரீச்சொலி, கயிறு உரசும் ஒலி, வாளி தண்ணீரில் விழும் ஒலி, சொட்டு நீர், பெண்ணின் மூச்சு, பாட்டியின் ஒரே ஒரு வசனம். இவற்றோடு, யாரும் பேசாமல் அசையாமல் இருக்கும் வீட்டின் ஒலியை ஒரு நிமிடமும் இரவுக் கொல்லையின் ஒலியை ஒரு நிமிடமும் தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் பதிவுச் செயலி போதும், ஆனால் ஒலி பிறக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். கப்பி கிடைக்கவில்லையென்றால் எண்ணெய் காணாத இரும்புக் கதவின் கீல் நன்றாக உதவும். மெதுவாகத் தள்ளினால் முனகும், வேகமாகத் தள்ளினால் கத்தும்.

எடிட் பக்கத்தில் நான்கு ஒலி டிராக்குகளை, அதாவது ஒலிகளை அடுக்கும் வரிசைகளை, உருவாக்குங்கள். முதலாவது பேச்சுக்கு, இரண்டாவது சூழல் ஒலிக்கு, மூன்றாவது கப்பி முதலான ஒலிகளுக்கு, நான்காவது இசைக்கு. டிராக்கின் பெயரை இருமுறை சொடுக்கி மாற்றிக்கொள்ளலாம். இப்போது வீடியோ டிராக் காலியாகவே இருக்கட்டும்.

முதலில் இரண்டாவது டிராக்கில் வீட்டின் ஒலியை 60 நொடிக்கும் நீட்டிப் போடுங்கள். அதன்மேல் ஏறத்தாழ 12ஆவது நொடியில் முதல் கிரீச்சொலி. இங்கே அது கொஞ்சம் தூரத்தில், கேட்டதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவில் இருக்க வேண்டும். கேட்பவர் தலையைச் சாய்க்க வேண்டும். அடுத்தது 4 நொடி கழித்து. பிறகு பாட்டியின் குரல்: “அந்தக் கிணற்றில் தண்ணீரே இல்லையே, கண்ணு.” அந்த வசனத்துக்குப் பிறகு ஒரு முழு நொடி எதுவும் வேண்டாம்.

இனி இடைவெளியைச் சுருக்குங்கள். கப்பி இரண்டு நொடிக்கு ஒருமுறை, பிறகு நொடிக்கு ஒருமுறை, கடைசியில் அரை நொடிக்கு ஒருமுறை. ஃபிரேம் கணக்கில் சொன்னால் 100, 50, 25, 12. இழுப்பவரின் வேகம் கூடுகிறது என்பதைக் காது தானாகப் புரிந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் ஒரே கிளிப்பையே ஒட்டாதீர்கள். மனிதக் காது நகலை உடனே கண்டுபிடித்துவிடும். மூன்று நான்கு வெவ்வேறு கிரீச்சொலிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒவ்வொன்றின் சத்த அளவையும் சற்று மாற்றுங்கள்.

இந்த ஒலிகளை இருமடங்கு பயனுள்ளதாக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒரு கிரீச்சொலியைத் தேர்ந்தெடுத்து, வலது மேல்புறத்தில் உள்ள இன்ஸ்பெக்டரில் ஆடியோ பகுதிக்குப் போய் ‘பிட்ச்’சை 12 செமிடோன் கீழே இறக்குங்கள். கப்பி ஒரு ஸ்தாயி தாழ்ந்து, ஏதோ ஒன்று முனகுவதுபோல மாறும். அதை மூல ஒலிக்கு அடியில் மெலிதாக வையுங்கள். மூல ஒலியை எடுத்துவிடக் கூடாது. கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரில் மிகத் தாழ்ந்த ஒலிகள் ஏறக்குறைய கேட்கவே கேட்காது, உங்கள் முன்னோட்டத்தைப் பலர் கைப்பேசியில்தான் பார்க்கப்போகிறார்கள். இரண்டாவது வழி, திருப்பிப் போடுவது. வாளி தண்ணீரில் விழும் ஒலியைத் தேர்ந்தெடுத்து ‘ஆர்’ விசையை அழுத்தினால் வேகத்தை மாற்றும் பெட்டி திறக்கும். அதில் ‘ரிவர்ஸ்’ என்பதைக் குறியிடுங்கள். தண்ணீர் ஒலி எங்கிருந்தோ உறிஞ்சப்பட்டு வந்து சட்டென்று நிற்கும். முன்னோட்டத்தின் உச்சத்துக்குச் சற்று முன் வைக்க இதைவிட நல்ல ஒலி கிடைப்பது அரிது. விலைக்கு வாங்கும் எந்த ‘ஹாரர் பேக்’கிலும் இது இருக்காது, ஏனென்றால் இது உங்கள் கிணற்றின் ஒலி.

உச்சத்தில் அரை நொடிக் கிரீச்சொலிகள் அடுக்கடுக்காக வரும்போது, ஒன்றை அதன் நடுவிலேயே வெட்டிவிடுங்கள். பிளேஹெட்டை (ஓடும் இடத்தைக் காட்டும் கோட்டை) அங்கே நிறுத்திக் கன்ட்ரோலும் பி விசையும் சேர்த்து அழுத்தினால் கிளிப் இரண்டாகும், பின்பாதியை நீக்குங்கள். மெல்லக் குறைக்கும் ஃபேடு கூடாது. பிறகு ஒன்றரை நொடி அமைதி. இந்த இடத்தில் சூழல் ஒலியையும் எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள். முழு வெறுமை வந்தால் கோப்பில் கோளாறு என்று பார்வையாளர் நினைப்பார். வீட்டின் ஒலி மட்டும் மிக மெலிதாக ஓடட்டும். அந்த அமைதியின் முடிவில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நண்பர் ஒருவரையும் கேட்கச் சொல்லுங்கள். படமே இல்லாமல் அவர் உடல் இறுகினால் உங்கள் முன்னோட்டத்தின் பாதி முடிந்துவிட்டது. இறுகவில்லையென்றால் இடைவெளிகளை மாற்றிப் பாருங்கள். எந்தக் காட்சியைச் சேர்த்தும் இந்தக் குறையை மறைக்க முடியாது.

நான்காவது டிராக்கைப் பற்றி: இசை கட்டாயமில்லை. வேண்டுமென்றால் அடியில் ஓடும் ஒற்றை நீள் சுருதி போதும். திரைப்படங்களின் பின்னணி இசையை எடுத்துப் போடாதீர்கள். அது பிறர் உழைப்பு, சட்டப்படி உரிமை உள்ள சொத்து, யூடியூபின் உரிமைச் சோதனையும் அதைப் பிடித்துவிடும். ஸ்பெயினின் பார்சிலோனாவில் உள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தில் இலவச ஒலிகள் ஏராளம். ஒவ்வொன்றின் உரிமத்தையும் பாருங்கள்: ‘சிசி0’ என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம், ‘அட்ரிபியூஷன்’ என்றால் பதிவு செய்தவரின் பெயரைப் போட வேண்டும், ‘நான்கமர்ஷியல்’ என்றால் காசு வரும் எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

படத்தை வெட்டுதல்

ஒலியை ஓடவிட்டு, ஒவ்வொரு கிரீச்சொலியின் தொடக்கத்திலும் எம் விசையைத் தட்டுங்கள். டைம்லைனில் மார்க்கர்கள் விழும். அவைதான் உங்கள் வெட்டும் இடங்கள்.

காட்சிகளைத் தேர்ந்தெடுக்க ஜே, கே, எல் என்ற மூன்று விசைகளைப் பழகுங்கள். எல் முன்னே ஓட்டும், ஜே பின்னே ஓட்டும், கே நிறுத்தும். எல் விசையை இருமுறை தட்டினால் வேகம் கூடும். பிடித்த இடத்தின் தொடக்கத்தில் ஐ விசை, முடிவில் ஓ விசை. பிறகு டைம்லைனுக்கு இழுத்துவிடுங்கள். டைம்லைனில் ஒரு கிளிப்பைத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினால் பின்னால் உள்ளவை நகர்ந்து வந்து இடத்தை நிரப்பும். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் இடம் காலியாகவே இருக்கும். நம் ஒலி ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டதால் இங்கே பேக்ஸ்பேஸ்தான் பாதுகாப்பு. ஒலி டிராக்குகளின் பூட்டுக் குறியையும் சொடுக்கிப் பூட்டிவிட்டால் கவலையே இல்லை.

முதல் 15 நொடிகளில் வெட்டு குறைவாக இருக்கட்டும். பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண், திண்ணையில் பாட்டி, முற்றத்தில் காயும் வடகம். ஒவ்வொரு காட்சியும் மூன்று நான்கு நொடி நிற்கலாம். இந்த வீட்டை நேசிக்க வைத்தால்தான் பிறகு அங்கே தனியாக இருக்கப் பயம் வரும். முன்னோட்டம் முழுவதும் இருட்டும் ஓட்டமும் என்று செய்பவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

நடுப்பகுதியில் ஒலியும் படமும் ஒரே இடத்தில் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெண் படுத்திருக்கும் காட்சியிலேயே அடுத்த காட்சியின் கயிற்று ஒலி தொடங்கட்டும்; ஒரு நொடி கழித்துக் கொல்லை தெரியட்டும். மார்க்கர் இருக்கும் இடத்துக்கு இரண்டு மூன்று ஃபிரேம் முன்னதாகப் படத்தை வெட்டிப் பாருங்கள். அச்சாக அதே இடத்தில் வெட்டினால் இசைக் காணொளியின் தாளம் வந்துவிடும்; சற்று முன்னால் வெட்டினால் புதிய காட்சியைப் பார்த்ததும் சத்தம் வந்து தாக்கும்.

அசையாத காட்சிக்கு உயிர் கொடுக்க, இன்ஸ்பெக்டரில் ‘டைனமிக் ஜூம்’ என்பதை இயக்குங்கள். மூடிய கிணற்றை நோக்கிப் படம் மெல்ல நெருங்கும். 4கே அளவில் எடுத்திருந்தால் நெருங்கினாலும் தெளிவு குறையாது. மனிதரின் நடையில் ஏதோ சரியில்லை என்ற உணர்வு வேண்டுமென்றால், நடிகரைப் பின்னோக்கி நடக்கச் சொல்லி எடுத்து அந்தக் கிளிப்பை ரிவர்ஸ் செய்யுங்கள். அவர் முன்னோக்கி வருவார். ஆனால் பாதம் தரையில் படும் விதமும் துணி அசையும் விதமும் தவறாக இருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் பிடிபடாது.

உச்சத்துக்கு முந்தைய அரை நொடிக் காட்சிகளுக்கு 12 ஃபிரேம் என்று சொன்னேன். ஒரு காட்சியில் ஒரே ஒரு விஷயம்தான் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: ஈரமான கயிறு, காலியான ஊஞ்சல், திறந்திருக்கும் கொல்லைக் கதவு. இரண்டு விஷயம் இருந்தால் அந்த நேரத்துக்குள் எதுவும் பதியாது. அதன்பின் வரும் ஒன்றரை நொடி அமைதியில் மூடிய கிணற்றின் பலகை, அசையாமல். சொட்டு விழும் ஒலியோடு திரை கருப்பாகட்டும்.

முகம் ஒன்று பாய்ந்து வரும் அதிர்ச்சிதான் வேண்டும் என்றால் அதையும் சொல்கிறேன். முகத்தை 8 முதல் 10 ஃபிரேமுக்கு மேல் காட்டாதீர்கள். ஒப்பனையின் குறை தெரியத் தொடங்கிவிடும். அதிர்ச்சி ஒலியைப் படத்துக்கு ஒரு ஃபிரேம் முன்னே வைத்துப் பாருங்கள், பிறகு ஒரு ஃபிரேம் பின்னே வைத்துப் பாருங்கள். 25 ஃபிரேம் விகிதத்தில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிநொடிதான். இருந்தும் வேறுபாடு உடலில் தெரியும். அப்படிப்பட்ட அதிர்ச்சி ஒரு முன்னோட்டத்தில் ஒன்று போதும்.

வெள்ளையும் கருப்புமாகத் திரை படபடவென்று சிமிட்டும் உத்தியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனின் சிமிட்டல் காட்சியைப் பார்த்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒளிச் சிமிட்டலால் வலிப்பு வரக்கூடியவர்கள் எந்த அரங்கிலும் இருக்கலாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் சிமிட்டக் கூடாது என்பது இணையதளங்களுக்கான அணுகல்தன்மை நெறிகளில் உள்ள வரம்பு.

நிறம்

கலர் பக்கத்தில் கீழே லிஃப்ட், காமா, கெயின் என்று மூன்று சக்கரங்கள் இருக்கும். முறையே நிழல், நடு ஒளி, பிரகாசம் ஆகியவற்றை இவை கட்டுப்படுத்தும். மாலையில் எடுத்த கொல்லைக் காட்சியை இரவாக்க: கெயினைக் குறையுங்கள், காமாவையும் கொஞ்சம் குறையுங்கள், ‘டெம்ப்’ அளவை நீலப் பக்கம் நகர்த்துங்கள், சாச்சுரேஷனை (நிறச் செறிவை) 50இலிருந்து 30 அருகே கொண்டுவாருங்கள். நீலத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். நம் நாட்டு நிலவொளி சாம்பல் நிறத்துக்கே நெருக்கமானது.

பிறகு ஆல்ட்டும் எஸ் விசையும் அழுத்திப் புதிய நோட் (திருத்தங்களுக்கான தனி அடுக்கு) ஒன்றைச் சேர்த்து, விண்டோ பகுதியில் வட்டத்தை எடுத்து முகத்தைச் சுற்றிப் போட்டு ஓரத்தை நன்றாக மென்மையாக்குங்கள். அதற்குள் மட்டும் காமாவைச் சற்று உயர்த்தினால், இருட்டிலிருந்து முகம் மெல்லத் துலங்கும். கேமரா நகர்ந்தால் டிராக்கர் பகுதியில் அந்த வட்டத்தை முகத்தோடு நகரச் செய்யலாம்.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒளியின் அளவைக் காட்டும் ஸ்கோப்பில் வேவ்ஃபார்ம் என்ற வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 1023 வரை அளவு இருக்கும். பார்வையாளர் பார்த்தே ஆக வேண்டிய முகமோ கையோ 250க்குக் கீழே போனால், கல்லூரிக் கருத்தரங்க அறையின் புரொஜெக்டரில் அது காணாமல் போய்விடும். அந்த அறைகளில் திரைச்சீலை இடுக்கு வழியே வரும் வெளிச்சமே நிழல்களை விழுங்கப் போதுமானது.

தலைப்பு எழுத்து

தமிழில் தலைப்பு வைப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ரிசால்வின் எழுத்துக் கருவிகளில் தட்டச்சு செய்ததும் ‘கொ’, ‘டோ’, ‘கை’ போன்ற எழுத்துகளைப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அந்தக் கருவியோடு போராட வேண்டாம். இங்க்ஸ்கேப் அல்லது ஜிம்ப் மென்பொருளில் 1920 × 1080 அளவில், பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகத் தலைப்பை உருவாக்கி மேல் டிராக்கில் போடுங்கள். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டும்போதும் கவனம் வேண்டும். ஆங்கிலத்துக்கு அழகாக இருக்கும் அந்த இடைவெளி, தமிழில் ஒற்றைக் கொம்பைத் தன் எழுத்திலிருந்து பிரித்துவிடக்கூடும்.

நோட்டோ செரிஃப் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர், கவிவனார் ஆகியவை கூகுள் எழுத்துருத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள். ரத்தம் சொட்டும் எழுத்து வேண்டாம். மெல்லிய வெள்ளை எழுத்து, கருப்புத் திரை, சிறிய அளவு. தலைப்பு மூன்று நொடி நிற்கட்டும். அது மறைந்த பிறகு, வெறும் கருப்பில், தூரத்தில் ஒருமுறை கப்பி சுற்றட்டும்.

கடைசி வேலைகள்

ஃபேர்லைட் பக்கத்தில் நான்கு டிராக்குகளின் அளவையும் சரிபாருங்கள். பேச்சு, மீட்டரில் -18 முதல் -12 டெசிபல் வரை ஆடினால் போதும். உச்ச ஒலி எதுவும் -1ஐத் தாண்டக் கூடாது. சத்தத்தைக் கண்டபடி ஏற்றினால் யூடியூப் அதைச் சுமார் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் குறைத்துவிடும். அமைதியான பகுதிகளும் சேர்ந்து குறைந்து, நீங்கள் கட்டிய ஏற்ற இறக்கம் வீணாகும். ஹெட்ஃபோனில் ஒருமுறை, கைப்பேசி ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். பாட்டியின் வசனம் இரண்டிலும் புரிய வேண்டும்.

டெலிவர் பக்கத்தில் எச்.264 மாஸ்டரைத் தேர்ந்தெடுத்து, எம்பி4 வடிவம், 1080பி, 25 ஃபிரேம் என்று வையுங்கள். 1080பி படத்துக்கு நொடிக்கு 8 மெகாபிட் போதும் என்று யூடியூப் சொல்கிறது. இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையாமல் இருக்க அதைப்போல இருமடங்கு கொடுப்பது நல்லது. ‘ஆட் டு ரெண்டர் க்யூ’, பிறகு ‘ரெண்டர் ஆல்’. கிடைத்த கோப்பைத் திரையிடலுக்கு முந்தைய நாளே அதே அறையில், அதே புரொஜெக்டரில், கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். கிணற்றுப் பலகை தெரியவில்லையென்றால் கலர் பக்கத்துக்குத் திரும்பிக் காமாவை ஏற்றுவதற்கு இன்னும் நேரம் இருக்கும்.

ரிசால்வ் புராஜெக்டைத் தனிக் கோப்பாகச் சேமிக்காமல் தன் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. ஆகவே கல்லூரிக் கணினியில் வேலை செய்பவர்கள், புராஜெக்ட் மேலாளரில் தங்கள் புராஜெக்டின் மேல் வலது சொடுக்கில் ‘எக்ஸ்போர்ட் புராஜெக்ட் ஆர்கைவ்’ கொடுத்து, காட்சிகளோடும் ஒலிகளோடும் முழுவதையும் சொந்த ஹார்ட் டிஸ்கில் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். முழுக் குறும்படத்தை வெட்டும்போது இதே கப்பி ஒலிகள் தேவைப்படும்.